அரை மேசை, ஆயிரம் ரசிகர்கள்... டோக்கியோ ‘காமிகெட்’ திருவிழாவில் ரசிகப் படைப்பாளிகள் எதிர்பார்ப்பது என்ன?

டோக்கியோ விரிகுடாவில் கடலைத் தூர்த்து உருவாக்கிய பகுதி அரியாகே. ஷிம்பாஷியிலிருந்து அங்கே போகும் ‘யுரிகமோமே’ ரயிலில் டிரைவர் கிடையாது. அதனால் முதல் பெட்டியின் முன் இருக்கைக்குக் குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் போட்டி போடுவார்கள். ரயில் ஒரு சுற்றுச் சுற்றி ரெயின்போ பாலத்தில் ஏறும்போது கீழே கப்பல்களும் கிடங்குகளும் பொம்மை போலத் தெரியும். ‘டோக்கியோ பிக் சைட்’ நிலையத்தில் இறங்கினால், தலைகீழாகக் கவிழ்த்துவைத்த நான்கு பிரமிடுகள் கண்முன் நிற்கும். ஜப்பானின் மிகப்பெரிய கண்காட்சி வளாகம் அதுதான். வாசலருகே பூமியை அறுத்துக்கொண்டிருப்பது போல ஒரு ராட்சத ரம்பம். கிளாஸ் ஓல்டன்பர்க், கூஸ்யே வான் ப்ரூகன் தம்பதியின் சிற்பம் அது.

வருடத்தின் மற்ற நாட்களில் இங்கே இயந்திரக் கண்காட்சி, மருந்துக் கண்காட்சி, வேலைவாய்ப்பு முகாம் என்று கோட் சூட் கூட்டம்தான் வரும். ஆகஸ்ட் நடுவிலும் டிசம்பர் கடைசியிலும் மட்டும் காட்சி தலைகீழாக மாறிவிடும். சூரியன் உதித்த சிறிது நேரத்திலேயே முதல் ரயிலில் வந்தவர்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். முதுகில் காலிப் பை, கையில் வரைபடம், பர்ஸ் நிறையச் சில்லறை.

அந்த நாட்களின் பெயர் காமிக் மார்க்கெட். செல்லமாக, காமிகெட். ரசிகர்கள் தாங்களே எழுதி, வரைந்து, அச்சடித்து, தாங்களே உட்கார்ந்து விற்கும் புத்தகத் திருவிழா. அந்தப் புத்தகங்களுக்கு ‘டோஜின்ஷி’ என்று பெயர். நம் ஊரின் பழைய கையெழுத்துப் பத்திரிகையையும் சிற்றிதழையும் கலந்து, அதற்கு வண்ண அட்டை போட்டால் எப்படியிருக்கும்? கிட்டத்தட்ட அப்படித்தான்.

வாங்கவருபவர்கள் லட்சக்கணக்கில். விற்பவர்களில் பெரும்பாலோருக்குக் கைக்காசு நஷ்டம். அப்படியானால் இவர்கள் எதை எதிர்பார்த்து இங்கே வந்து உட்காருகிறார்கள்? பொழுதுபோக்குக்காகச் செய்த வேலைக்கு அங்கீகாரம் கேட்பது நியாயமா? இந்தக் கேள்விக்கு டோக்கியோவின் இந்தத் திருவிழா 50 வருடமாகத் தனக்கே உரிய வழியில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஒரு மறுப்பில் பிறந்த திருவிழா

‘டோஜின்’ என்றால் ஒரே ரசனை கொண்டவர்கள் என்று பொருள். இந்தப் பழக்கம் மாங்காவுக்கு முந்தையது. 1885-ல் ஒசாகி கோயோ உள்ளிட்ட இளம் எழுத்தாளர்கள் சேர்ந்து ‘கராகுதா புன்கோ’ என்ற இதழைத் தங்களுக்குள் சுற்றுக்கு விட்டார்கள். ‘தட்டுமுட்டுச் சாமான் நூலகம்’ என்று அந்தப் பெயருக்கு அர்த்தம் சொல்லலாம். பின்னாளில் பெரிய இலக்கியவாதிகளான பலரும் இப்படிச் சொந்தக் காசில் நடத்திய இதழ்களில் கைபழகியவர்களே.

1970-களில் அந்தப் பழக்கம் மாங்கா ரசிகர்களிடம் வந்துசேர்ந்தது. அப்போதிருந்த பெரிய மாங்கா மாநாட்டை விமர்சித்த ரசிகர் ஒருவருக்கு, அந்த மாநாட்டில் கலந்துகொள்ள அனுமதி மறுக்கப்பட்டது. ‘மெய்கியூ’ என்ற விமர்சகர் குழுவுக்குக் கோபம் வந்தது. யாரையும் வாசலில் நிறுத்தாத ஒரு கூடுகையை நாமே நடத்துவோம் என்று முடிவெடுத்தார்கள். 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவின் தோரானோமோன் பகுதியில் ஓர் அரங்கத்தை வாடகைக்கு எடுத்தார்கள். 32 குழுக்கள் மேசை போட்டன. சுமார் 700 பேர் வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூடம் படிக்கும் பெண்பிள்ளைகள்.

அந்த மூவரில் ஒருவரான யொனெசாவா யோஷிஹிரோ 1980 முதல் 2006 வரை காமிகெட்டின் தலைவராக இருந்தார். கூட்டம் பெருக அரங்கம் மாறிக்கொண்டே போனது. நடுவில் ஓர் அரங்கம், புத்தகங்களின் உள்ளடக்கம் குறித்த சர்ச்சையால் 1991-ல் இடம் தர மறுத்தது. 1996-ல் பிக் சைட் திறந்ததும் திருவிழா இங்கே குடியேறியது. ஒலிம்பிக் வேலைகளுக்காகக் கிழக்கு அரங்குகள் மூடப்பட்டிருந்த 2019 டிசம்பரில், நெரிசலைக் குறைக்க 4 நாட்கள் நடத்தினார்கள். 4 நாட்களின் வருகையைக் கூட்டினால் சுமார் 7,50,000. அடுத்த வருடம் கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. 2021 டிசம்பரில் கட்டுப்பாட்டுடன் மறுபடி கதவு திறந்தார்கள். இப்போது ஒவ்வொரு முறையும் 2 நாட்கள் நடக்கிறது. 2025-ல் காமிகெட்டுக்கு 50 வயது நிறைந்தது.

இங்கே ‘கஸ்டமர்’ யாருமில்லை

காமிகெட்டின் முதல் விதி கொஞ்சம் விசித்திரமானது. இங்கே வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது. மேசை போட்டவர், புத்தகம் வாங்க வந்தவர், கூட்டத்தை ஒழுங்கு செய்பவர் என எல்லோருக்கும் ஒரே பெயர்: ‘பங்கேற்பாளர்’. வரிசையை வழிநடத்தும் சுமார் 3,000 பேரும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

இதைச் சும்மா அழகுக்குச் சொன்ன வாசகமாக நினைத்துவிடக் கூடாது. ஆகஸ்ட் வெயிலில் மணிக்கணக்கில் நிற்கும் ஆயிரக்கணக்கானவர்கள், ‘காசு கொடுத்தேன், எனக்கு வசதி செய்துகொடு’ என்று கேட்க ஆரம்பித்தால் இந்தத் திருவிழா ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. வியர்வை ஆவியாகி, அரங்கத்தின் கூரைக்குக் கீழே மேகம் போலப் புகைமூட்டம் நின்ற 2013 கோடையைக்கூட ரசிகர்கள் சிரித்துக்கொண்டேதான் நினைவுகூர்கிறார்கள். அதற்கு ‘காமிகெட் மேகம்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

காலையில் ஒலிபெருக்கியில் ‘தொடங்குகிறது’ என்ற அறிவிப்பு வந்ததும் அரங்கம் முழுக்கக் கைதட்டல் எழும். யாரும் மேடையில் இல்லை. யாருக்காகவும் தட்டவில்லை. எல்லோரும் எல்லோருக்காகவும் தட்டுகிறார்கள். மாலையில் முடிவு அறிவிப்புக்கும் அதே கைதட்டல். ஒரு விருது விழாவில் நடுவர்களையும் மேடையையும் எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது இதுதான்.

90 சென்டிமீட்டர் உலகம்

ஒரு குழுவுக்குக் கிடைப்பது அரை மேசை. 90 சென்டிமீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலம், இரண்டு நாற்காலிகள். ‘குழு’ என்று சொன்னாலும் பல குழுக்களில் ஒரே ஆள்தான். பல மாதம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் என்பதால் குலுக்கல் நடக்கும். கிடைக்காதவர்கள் அடுத்த சீசனுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

இடம் கிடைத்த நாளிலிருந்து ஓட்டம் ஆரம்பம். பகலில் அலுவலகம், இரவில் வரைதல். டோஜின்ஷிகளை மட்டுமே அச்சடிப்பதற்கென்று ஜப்பானில் அச்சகங்கள் இருக்கின்றன. அவற்றின் கெடு தேதி தவறினால் கட்டணம் ஏறும். இன்னும் தவறினால் புத்தகமே வராது. வேறு வழியில்லாதவர்கள் கடைசி இரவில் ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து, அதைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். அதற்கும் வாசகர்கள் உண்டு.

மேசைகளில் என்னவெல்லாம் இருக்கும்? பிரபலமான அனிமே, மாங்கா, கேம் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதிய புதுக் கதைகள் ஒருபக்கம். ‘கதாசிரியர் இவர்களைச் சேர்த்துவைக்கவில்லையே’ என்ற ஏக்கத்துக்கு ஒரு புத்தகம். ‘வில்லனின் சின்ன வயது எப்படி இருந்திருக்கும்’ என்ற யோசனைக்கு ஒரு புத்தகம். இன்னொரு பக்கம் சொந்தக் கதைகள். அதற்கப்பால் ரயில், சமையல், பயணம், ராணுவ வரலாறு, பழைய கேம்களின் ஆராய்ச்சி என்று தகவல் நூல்களின் வரிசை. பெரியவர்களுக்கு மட்டுமான புத்தகங்களும் கணிசமாக உண்டு. அவற்றை வயது பார்த்துத்தான் விற்க வேண்டும் என்பது விதி.

வாங்குகிறவர் முதலில் புத்தகத்தைக் கையில் எடுக்கலாமா என்று கேட்பார். நின்றபடி சில பக்கங்கள் புரட்டுவார். அந்தச் சில விநாடிகள் மேசைக்குப் பின்னால் இருப்பவர் நிமிர்ந்து பார்க்காமல் எதையோ அடுக்கிக்கொண்டிருப்பார். ‘ஒன்று கொடுங்கள்’ என்ற வார்த்தை வந்ததும் முகம் மலரும். பழைய வாசகர்கள் சிறு மிட்டாய்ப் பெட்டியோ தங்கள் ஊர்ப் பலகாரமோ கொடுத்துவிட்டுப் போவார்கள். ‘போன புத்தகத்தில் அந்தக் கடைசிப் பக்கம் மறக்கவே முடியவில்லை’ என்று ஒரு வரி சொல்வார்கள்.

பணக் கணக்கை எடுத்தால் கதை சோகம்தான். அமைப்புக் குழுவே நடத்திய ஆய்வுகளின்படி, பெரும்பாலான குழுக்கள் செலவழித்த காசைத் திரும்ப எடுப்பதில்லை. அச்சுக் கூலி, மேசைக் கட்டணம், ரயில் டிக்கெட், ஓட்டல் வாடகை எல்லாம் போக மிஞ்சுவது விற்காத பிரதிகள் அடங்கிய அட்டைப்பெட்டி. ஆனாலும் அடுத்த விண்ணப்பப் படிவத்தை அன்றே வாங்கிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள்.

சுவரோரம் போவது யார்?

நடுவர் இல்லை என்றாலும் காமிகெட்டில் படிநிலை இல்லாமல் இல்லை. அரங்கின் நடுவே மேசைகள் தீவு தீவாகக் கிடக்கும். நீண்ட வரிசை வரும் என்று அமைப்பாளர்கள் எதிர்பார்க்கும் பிரபலக் குழுக்களைச் சுவரோரம் போடுவார்கள். கூட்டம் வெளியே நீள வசதி வேண்டும் என்பதுதான் காரணம். ஆனால் ரசிகர்களின் பேச்சில் ‘சுவர்க் குழு’ என்பது ஒரு பட்டமாகவே ஆகிவிட்டது. தீவிலிருந்து சுவருக்கு நகர்வது இங்கே ஒரு பதவி உயர்வு.

அந்தச் சுவரையும் தாண்டி வெளியுலகத்துக்குப் போனவர்கள் உண்டு. ‘கார்ட்கேப்டர் சகுரா’வை உருவாக்கிய க்ளாம்ப் குழு, 1980-களில் டோஜின்ஷி குழுவாகத் தொடங்கியதுதான். மாங்கா கலைஞர் யோஷினாகா ஃபுமி, ‘ஸ்லாம் டங்க்’ பாத்திரங்களை வைத்து ரசிகப் படைப்புகள் வரைந்தவர். ‘ஃபேட்’ வரிசையால் உலகப் புகழ்பெற்ற டைப்-மூன், தன் முதல் கேமை 2000 டிசம்பரில் இங்கே ஒரு மேசையில் வைத்து விற்றது.

இந்த உதாரணங்களைக் காட்டி ‘பார்த்தீர்களா, உழைத்தால் அங்கீகாரம் தானாக வரும்’ என்று சொல்வது எளிது. ஆனால் 2019 வரை 3 நாட்களில் சுமார் 35,000 குழுக்கள் மேசை போட்ட இடம் இது. அதில் வெளியே தெரிந்தவர்கள் ஒரு கைப்பிடி. மீதிப் பேரின் பெயர் அவர்களின் வாசகர்களுக்கு மட்டுமே தெரியும். அதுவும் புனைபெயர். பக்கத்து நாற்காலியில் வேலை பார்ப்பவருக்கோ, சில வீடுகளில் அப்பா அம்மாவுக்கோகூடத் தெரியாது.

டோரேமானின் கடைசி அத்தியாயம்

வெளிச்சம் வந்தாலும் சிக்கல்தான் என்பதற்கு, நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்த ஒரு நீல நிற ரோபோ பூனையே சாட்சி.

டோரேமானை உருவாக்கிய ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 1996-ல் இறந்துபோனார். கதைக்கு முடிவு எழுதவில்லை. ரசிகர்களின் மனசு சும்மா இருக்குமா? 1990-களின் இறுதியில் ஒரு ரசிகர் எழுதிய கற்பனை முடிவு ஜப்பானிய இணையத்தில் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. டோரேமானின் பேட்டரி தீர்ந்துபோகிறது. மாற்றினால் நினைவுகள் அழிந்துவிடும். எப்போதும் முட்டை மார்க் வாங்கும் நோபிடா அன்றிலிருந்து படிக்க ஆரம்பிக்கிறான். பெரிய ரோபோ பொறியாளராகிறான். ஒருநாள் தன் நண்பனைத் தானே எழுப்புகிறான்.

அந்தக் கருவை 2005-ல் ஒரு ரசிகர் சின்ன மாங்கா புத்தகமாக வரைந்தார். ஃபுஜிகோவின் கைக்கோட்டை அச்சு அசலாகக் கொண்டுவந்திருந்தார். படித்தவர்கள் அழுதார்கள். அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். சில நூறு பிரதி விற்றாலே பெரிது என்ற டோஜின்ஷி உலகில் இது சுமார் 13,000 பிரதிகள் போனது. இதுதான் உண்மையான கடைசி அத்தியாயமோ என்று பதிப்பகத்துக்கே விசாரணைகள் வர ஆரம்பித்தன. பதிப்பகமான ஷோகாகுகான் எச்சரித்தது. 2007-ல் அந்த ரசிகர் மன்னிப்புக் கேட்டு, லாபத்தின் ஒரு பகுதியையும் செலுத்தினார். மீதிப் பிரதிகள் விற்பனைக்கு வரவில்லை.

இதில் யார் பக்கம் நியாயம்? டோரேமான் அந்த ரசிகரின் சொத்து அல்ல. அட்டையைப் பார்த்து அசல் என்று நம்பிய வாசகர்களின் குழப்பமும் நிஜம். அதேபோல, அந்தச் சில பக்கங்கள் ஆயிரக்கணக்கானவர்களின் தொண்டையை அடைத்ததும் நிஜம். சட்டத்தின் கண்ணில் அது மீறல். வாசகரின் மனதில் அது ஒரு நல்ல கதை. இரண்டும் ஒரே புத்தகம்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. அது 100 பிரதி மட்டும் விற்றிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். பாராட்டுதான் அதைப் பிரச்னையாக்கியது.

கண்டும் காணாமல்...

ஜப்பானில் பதிப்புரிமை மீறலுக்கான தண்டனை, பெரும்பாலும் உரிமையாளர் புகார் கொடுத்தால் மட்டுமே நடவடிக்கைக்கு வரும். இந்தச் சந்துக்குள்தான் டோஜின்ஷி உலகம் வாழ்கிறது. பதிப்பகங்கள் ‘சரி’ என்று சொல்வதில்லை. ‘தவறு’ என்றும் சொல்வதில்லை. இன்றைய ரசிகர் நாளைய கலைஞர் என்பது அவர்களுக்குத் தெரியும். புத்தகம் வரையும் அளவுக்கு ஒரு கதையை நேசிப்பவர்தான் அந்தக் கதையின் முதல் விற்பனைப் பிரதிநிதி என்பதும் தெரியும்.

ஆனால் மௌனம் உத்தரவாதம் ஆகாது. 1999-ல் போக்கிமான் பாத்திரங்களை வைத்துப் பெரியவர்களுக்கான டோஜின்ஷி விற்ற ஒரு பெண், நின்டெண்டோவின் புகாரில் கைது செய்யப்பட்டார். 1,00,000 யென் அபராதம். டோஜின்ஷி உலகமே அதிர்ந்தது.

டிரான்ஸ்-பசிஃபிக் வர்த்தக ஒப்பந்தப் பேச்சுவார்த்தை நடந்தபோது, புகார் இல்லாமலே வழக்குப் போடும் முறை வந்துவிடுமோ என்ற பயம் மறுபடி எழுந்தது. அப்போது ‘லவ் ஹினா’ புகழ் மாங்கா கலைஞர் அகமாட்சு கென் ஒரு யோசனை சொன்னார். கலைஞர்கள் தங்கள் படைப்பிலேயே ஒரு சிறு முத்திரை போட்டுவிடலாம்: ‘இதை வைத்து ரசிகர்கள் டோஜின்ஷி செய்யலாம்’. 2013-ல் அந்த ‘டோஜின் முத்திரை’ அவருடைய தொடரிலேயே முதலில் வந்தது. 2018 டிசம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தில், புகார் தேவையில்லாத முறை அசலை அப்படியே நகலெடுக்கும் திருட்டுப் பதிப்பு போன்றவற்றோடு நிறுத்தப்பட்டது. டோஜின்ஷி தப்பித்தது. அகமாட்சு 2022-ல் நாடாளுமன்ற மேலவைக்கே போய்விட்டார்.

இன்னும் அழகான வழியும் உண்டு. 2002 ஆகஸ்டில் காமிகெட்டின் ஒரு மேசையில் ‘டோஹோ’ வரிசை கேம் ஒன்றை விற்றார் ஸுன் என்ற தனிமனிதர். ரசிகர்கள் அவருடைய பாத்திரங்களை வைத்துப் பாட்டும் கதையும் படமும் செய்ய ஆரம்பித்தபோது அவர் தடுக்கவில்லை. மூலம் எது என்று குறிப்பிடுங்கள், கேமின் முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்பது போன்ற சில விதிகளைத்தான் வகுத்தார். டோஹோ ரசிகர்கள் பெருகி, அவர்களுக்கென்றே தனித் திருவிழா நடக்கும் அளவுக்குப் போய்விட்டது. தானே அரை மேசையில் உட்கார்ந்தவர் என்பதால், எதிர் மேசைக்காரரின் தேவை அவருக்குப் புரிந்திருக்கிறது.

பரிசு வந்தால் யாருக்கு?

உலக அளவில் ரசிகப் படைப்புக்குக் கிடைத்த பெரிய மேடை, ஜப்பானுக்கு வெளியே வந்தது. 2019 ஆகஸ்டில் அயர்லாந்தின் டப்ளினில் நடந்த அறிவியல் புனைவு மாநாட்டில், ரசிகர்களே நடத்தும் ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற கதைக் களஞ்சியம் ஹியூகோ விருது பெற்றது. மேடையேறிய எழுத்தாளர் நவோமி நோவிக், களஞ்சியத்தில் பங்குள்ளவர்களை எல்லாம் எழுந்து நிற்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு, அங்கே கதை எழுதிய பலரும் ‘நானும் ஹியூகோ வாங்கியவள்தான்’ என்று பாதி விளையாட்டாகவும் பாதி பெருமையாகவும் சொல்லிக்கொண்டார்கள். விருதின் பெயருக்கு உரிமை உள்ள அமைப்போ, பரிசு களஞ்சியத்துக்குத்தான், தனித்தனிக் கதைகளுக்கு அல்ல என்று விளக்க வேண்டியிருந்தது. சட்டப்படி அது சரி. ஆனால் அத்தனை பேர் அந்தக் கோப்பையின் ஒரு துளியைக் கேட்டு ஓடிவந்தது எதைக் காட்டுகிறது? ‘பொழுதுபோக்குதானே, பாராட்டு எதற்கு’ என்று சொல்பவர்கள் நினைப்பதைவிட, அந்தப் பசி பெரியது.

எதை எதிர்பார்க்கலாம்? எதை எதிர்பார்க்கக் கூடாது?

அங்கீகாரம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. வாசகரின் நன்றி, உரிமையாளரின் ஒப்புதல், உலகத்தின் புகழ். காமிகெட்டின் அரங்கங்களைச் சுற்றிவந்தால் மூன்றும் வேறு வேறு என்பது தெளிவாகிவிடும்.

உலகத்தின் புகழை யாரும் உரிமையாகக் கேட்க முடியாது. சொந்தக் கதை எழுதுபவருக்கே அது நிச்சயம் இல்லை. உரிமையாளரின் ஒப்புதலையும் கட்டாயப்படுத்த முடியாது. இன்னொருவர் வளர்த்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு விளையாடும்போது, ‘நிறுத்து’ என்று சொல்லும் உரிமை அவரிடம்தான் இருக்கும். அதை ஏற்காமல் ‘என் உழைப்புக்கு மதிப்பில்லையா’ என்று சண்டை போட்டால், இப்போதிருக்கும் மௌனமும் கலைந்துவிடும்.

ஆனால் வாசகரின் நன்றி வேறு. அதை எதிர்பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஒரு வரி பாராட்டு. படத்தைப் பகிரும்போது வரைந்தவரின் பெயர். மூலையில் இருக்கும் கையெழுத்தை வெட்டாமல் விடும் குறைந்தபட்ச நாகரிகம். டோஜின்ஷிகளை ஸ்கேன் செய்து, பெயர் போடாமல் இணையத்தில் இலவசமாக ஏற்றுவது பல வருடத் தலைவலி. இதைக் குறை சொன்னால், ‘நீங்களே கடன் வாங்கிய பாத்திரத்தை வரைகிறீர்கள், உங்களுக்கு என்ன உரிமை?’ என்ற கேள்வி உடனே வரும். கேட்கக் காரமாக இருந்தாலும் அது சரியான வாதம் அல்ல. பாத்திரம் கடன்தான், அந்தக் கோடு, அந்த வசனம், தூங்காத அந்த இரவுகள் கடன் இல்லை. டோஹோவின் விதிகளில் இருப்பதும் அதே நியாயம்தான். மூலத்தின் பெயரைச் சொல் என்று ரசிகரிடம் கேட்பது சரியென்றால், ரசிகரின் பெயரைச் சொல் என்று வாசகரிடம் கேட்பதும் சரியே.

கூச்சத்தை உடைக்க வேண்டியது வாசகர்களும்தான். படித்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்துவிடுவது நம் எல்லோருக்கும் பழக்கம். மேசைக்கு எதிரே நிற்கும்போது அது முடியாது. காமிகெட்டின் உண்மையான கண்டுபிடிப்பு புத்தக விற்பனை அல்ல; எழுதியவரும் படித்தவரும் ஒரு கை தூரத்தில் நிற்க வேண்டிய கட்டாயம். காசு போனாலும் அடுத்த முறை விண்ணப்பிப்பதற்கு அந்த ஒரு கை தூரம்தான் காரணம்.

5 பிரதி விற்ற புத்தகத்துக்கும் ஓர் இடம்

திருவிழாவின் காலையில் நடக்கும் ஒரு சடங்கைப் பார்வையாளர்கள் கவனிப்பதில்லை. ஒவ்வொரு குழுவும் தன் புதுப் புத்தகத்தின் ஒரு பிரதியில் சீட்டு ஒட்டித் தன்னார்வலரிடம் கொடுக்க வேண்டும். விதிகளுக்கு உட்பட்டதா என்று பார்ப்பதற்காக வாங்குகிறார்கள். பார்த்த பிறகு தூக்கிப் போடுவதில்லை. பத்திரப்படுத்துகிறார்கள். 10,000 விற்ற சுவர்க் குழுவின் புத்தகமும், 5 விற்ற ஸ்டேப்ளர் புத்தகமும் ஒரே கணக்கில் சேர்கின்றன.

அதன் ஒரு பகுதியைப் பார்க்க வேண்டுமானால், பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன ஜிம்போச்சோ பக்கம் போக வேண்டும். யொனெசாவா 2006-ல் மறைந்த பிறகு, வாழ்நாள் முழுக்க அவர் சேர்த்த மாங்காக்களையும் இதழ்களையும் வைத்து மெய்ஜி பல்கலைக்கழகம் 2009-ல் ஒரு நினைவு நூலகம் திறந்தது. தரைத்தளத்தில் சிறு கண்காட்சி. மேலே வாசிப்பு அறை. காமிகெட்டில் பெறப்பட்ட மாதிரிப் பிரதிகளையும் குறிப்பிட்ட காலத்துக்கு இங்கே கேட்டுப் படிக்கலாம். பெயரே தெரியாத ஒருவரின் மெல்லிய புத்தகம், பல்கலைக்கழக நூலகத்தின் மேசையில் மரியாதையோடு எடுத்துவைக்கப்படுகிறது. விருது இல்லை, பணம் இல்லை, கைதட்டலும் இல்லை. ஆனால் ‘நீ செய்தது இருந்தது’ என்பதற்குச் சாட்சி இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு...

* காமிகெட் ஆகஸ்ட் நடுவிலும் டிசம்பர் கடைசியிலும் நடக்கும். நீண்ட காலம் நுழைவு இலவசமாக இருந்தது. இப்போது கட்டணம் உண்டு. அதற்கான கைப்பட்டையையோ டிக்கெட்டையோ முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது.

* ரிங்காய் ரயில் பாதையில் ‘கொகுசாய்-தெஞ்சிஜோ’ நிலையம், யுரிகமோமேயில் ‘டோக்கியோ பிக் சைட்’ நிலையம். இரண்டிலிருந்தும் நடந்தே போகலாம்.

* முந்தைய இரவே வந்து வரிசையில் உட்காருவது தடை செய்யப்பட்டிருக்கிறது. முதல் ரயில் போதும்.

* சில்லறை முக்கியம். 100, 500 யென் நாணயங்களும் 1,000 யென் தாள்களும் எடுத்துச்செல்லுங்கள். 10,000 யென் தாளை நீட்டினால் பாவம், அந்த அரை மேசைக்காரர் தடுமாறிப்போவார்.

* கோடையில் தண்ணீர், உப்பு மிட்டாய், தொப்பி. குளிர்காலத்தில் கடற்காற்றுக்குத் தகுந்த ஜாக்கெட்.

* காஸ்ப்ளே உடையை வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வர அனுமதி இல்லை. உள்ளே உடைமாற்றும் அறை உண்டு. யாரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மேசைகளையும் புத்தகப் பக்கங்களையும் எடுப்பதற்கும் இதே விதிதான்.

* குழந்தைகளோடு போனால் எந்த அரங்கில் எந்த வகைப் புத்தகம் என்பதைப் பட்டியலில் பார்த்துவிட்டு நுழையுங்கள்.

* சுவரோர வரிசைகளிலேயே நாளைக் கழிக்காதீர்கள். தீவுகளுக்குள் நடந்து பாருங்கள். பிடித்த புத்தகம் கிடைத்தால் வாங்குங்கள். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் ‘சுகி தெஸ்’ என்று சொல்லலாம். ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று அர்த்தம். அந்த மேசைக்காரர் பல மாதம் காத்திருந்தது பெரும்பாலும் அந்த வார்த்தைக்காகத்தான்.